பாழடைந்த சுரங்கங்களைப் படித்த மனிதர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறுகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். மேலே போனதும் ஏரி, படகு, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று பார்ப்பதற்கு இடங்கள் ஏராளம். ஆகவே ஹோலி டிரினிடி சர்ச் என்ற பழைய கிறிஸ்தவக் கோயிலின் பக்கம் போகிறவர்கள் மிகச் சிலரே. அங்கேதான் ஒரு மனிதரின் அஸ்தி அடங்கியிருக்கிறது. இந்தியாவில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சியத்தைக் கண்டெடுத்தவர் அவர். தென்னாட்டில் தங்கம் எந்தப் பாறையில் இருக்கும், எதில் இராது என்று வகுத்துச் சொன்னவரும் அவரே. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

இங்கிலாந்தில் பிறந்து, கல்கத்தாவில் காலமான ஒருவரின் அஸ்தி கொங்கு நாட்டு மலை ஒன்றில் ஏன் அடக்கமாயிற்று? அந்தக் கதையைச் சொன்னால், மனிதர்கள் தோண்டிவிட்டு விட்டுப்போன குழிகளின் கதையையும் சொன்னதாகும்.

வேலை தேடி வந்த வாலிபர்

ஃபுட் 1834-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா 1851-ல் தொடங்கப்பட்டது. தாமஸ் ஓல்ட்ஹாம் அதன் தலைவர். நிலக்கரி எங்கே கிடைக்கும், இரும்பு எங்கே கிடைக்கும் என்று கண்டு சொல்வதுதான் அந்த இலாகாவின் முக்கிய வேலை. 1858-ல் அதில் சேர்ந்த ஃபுட், சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

அந்த நாளில் பூகர்ப்ப உத்தியோகம் என்றால் நாற்காலி உத்தியோகம் அல்ல. மழைக்காலம் முடிந்ததும் கூடாரத்தையும் பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். ஆற்றங்கரை, ஓடை, கரடு, கிணறு வெட்டிய மண் என்று ஒவ்வொன்றையும் நின்று பார்த்து, சுத்தியலால் கல்லைத் தட்டி, தேசப்படத்தில் குறிக்க வேண்டும். கோடையில்தான் திரும்பி வந்து எழுத உட்கார முடியும். இப்படி 33 வருஷம் நடந்தார் ஃபுட்.

ஃபுட்டின் மாமனாரைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. அவர்தான் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னைக்கு வந்து தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை 1855-ல் தொடங்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டவர். அவருடைய மகளைத்தான் ஃபுட் மணந்தார். மாமனார் பழமொழி சேர்த்தார். மருமகன் கல் சேர்த்தார். பெர்சிவல் தமது கடைசிக் காலத்தைக் கழித்ததும், 1882-ல் கண்ணை மூடியதும் ஏற்காட்டில்தான்.

பல்லாவரத்துக் கல்

1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி. சென்னைக்கு அடுத்த பல்லாவரத்தில், ராணுவ மைதானத்தின் ஓரம் சரளைக்கல் எடுப்பதற்காக வெட்டிய குழி ஒன்றை ஃபுட் பார்த்துக்கொண்டிருந்தார். குழியிலிருந்து வந்த கற்களிடையே ஒரு கல் அவர் கண்ணை இழுத்தது. இயற்கையாக உடைந்த கல் அல்ல அது. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி, கைக்கு அடங்கும்படி செய்யப்பட்ட கோடரி!

வேறொருவர் அதை எறிந்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் நான்கு வருஷத்துக்கு முன்புதான், 1859-ல், பிரான்சு தேசத்து ஸோம் நதிக்கரையில் கிடைத்த இதே மாதிரிக் கற்கள் ஆதி மனிதனின் கருவிகள் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்த ஃபுட், இந்தியாவிலும் அப்படி உண்டா என்று தேடும் கண்ணோடு நடந்தார். ஒரு கல்லை வைத்துப் பெரிய பேச்சுப் பேச அவர் விரும்பவில்லை. மேலும் தேடினார். செப்டம்பர் மாதம் 28-ந் தேதி, சக உத்தியோகஸ்தரான வில்லியம் கிங்குடன் திருவள்ளூருக்கு வடமேற்கே அத்திரம்பாக்கம் என்ற கிராமத்து ஓடைக்குப் போனார். அங்கே ஒன்றல்ல, இரண்டல்ல, ஏராளமான கருவிகள் கிடைத்தன. இனிச் சந்தேகமில்லை. 1868-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டுக்கு இந்தச் செய்தி போயிற்று. இந்தியாவின் சரித்திரம் வேத காலத்தோடு தொடங்குவதாக எண்ணியிருந்த உலகத்துக்கு, அதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே மனிதன் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது.

சேலத்து இரும்பும் மலைமேல் பிள்ளையாரும்

அதே ஆண்டுகளில் ஃபுட்டும் கிங்கும் சேலம், திருச்சி, தஞ்சை, தென் ஆர்க்காடு ஜில்லாக்களின் பாறைகளை ஆராய்ந்து ஒரு பெரிய அறிக்கை எழுதினார்கள். அது 1864-ம் ஆண்டின் வெளியீடு. கஞ்சமலையிலும் மற்றக் குன்றுகளிலும் வரிவரியாக ஓடும் காந்த இரும்புக் கல்லை அவர்கள் வகைப்படுத்தினார்கள். சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று தெரியும் மாக்னசைட் பூமியையும் ஆராய்ந்தார்கள்.

கொங்கு நாட்டுக்கு இரும்பு புதிதல்ல. களிமண் உலையும் துருத்தியும் மரக்கரியும் கொண்டு கிராமத்துக் கொல்லர்கள் இரும்பு உருக்கிய நாடு இது. அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த காலம் அது. சீமையிலிருந்து கப்பலில் வந்த இரும்பு விலை மலிவு; காடுகளில் கரிக்கு மரம் வெட்டத் தடை. உலை போன இடத்தில் கசடு மட்டும் மேடாகக் கிடந்தது. மேட்டைப் பார்த்தவர்கள் குப்பை என்றார்கள். ஃபுட்டைப் போன்றவர்களுக்கு அது ஒரு தொழிலின் எலும்புக்கூடு.

சேர்வராயன் மலையில் இன்னொரு விந்தையும் கண்டார். வழவழவென்று தீட்டிய கற்கோடரிகள் மலைக்கிராமங்களில் மரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. உழும்போதும் மழையில் மண் கரையும்போதும் கிடைத்தவற்றை மலையாளி மக்கள் சாமிக்கு உரியவை என்று பயபக்தியோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யார் செய்தது என்று தெரியாமற்போனாலும், யாரோ செய்தது, வீசி எறியக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. விஞ்ஞானிக்கும் மலைவாசிக்கும் இந்த ஒரு விஷயத்தில் மனம் ஒன்றாகவே இருந்தது எனலாம்.

தங்கப் பைத்தியம்

இப்போது தங்கத்துக்கு வருவோம். கோயமுத்தூருக்கு மேற்கே மலைகளுக்கு அப்பால், நீலகிரி ஜில்லாவின் கூடலூர்ப் பக்கத்தில், தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள் இருக்கின்றன. வயநாட்டுப் பழங்குடி மக்கள் அங்கே நெடுங்காலமாக ஓடை மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்துவந்தார்கள். வில்லியம் கிங் 1875-ல் அதைப் பற்றி நிதானமாக ஓர் அறிக்கை எழுதினார். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரோ ஸ்மித் என்ற நிபுணர் 1880-ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு லண்டனில் தங்கப் பைத்தியம் பிடித்தது. கம்பெனிக்கு மேல் கம்பெனி முளைத்தது. லட்சக்கணக்கான பவுன் மூலதனம் சேர்ந்தது. காட்டுப்பாதையில் ராட்சத யந்திரங்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பந்தலூரில் குதிரைப் பந்தயத் திடல்கூட ஏற்பட்டது!

கல்லை இடித்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவுக்குத் தேறவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனிகள் கவிழ்ந்தன. வந்தவர்கள் போனார்கள். யந்திரங்கள் துருப்பிடித்துக் காட்டில் கிடந்தன. பந்தயத் திடலில் புல் முளைத்தது. வாழ்நாள் சேமிப்பைப் பங்குகளில் போட்ட சாதாரணக் குடும்பங்கள் எத்தனையோ நாசமாயின.

இந்த வேளையில் ஒரு பூகர்ப்ப நிபுணரின் வார்த்தைக்கு என்ன கனம் என்று யோசித்துப் பாருங்கள். உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதும், பங்கு விலை ஏறும். புகழ் வரும். இல்லை என்று எழுதினால் எல்லோருக்கும் வருத்தம். ஃபுட் இந்தச் சோதனையை முன்பே சந்தித்திருந்தார். தார்வார் ஜில்லாவில் தம்பல் அருகே கப்பத்குட்டா மலையில் தங்கம் பற்றிப் பேச்சு எழுந்தபோது அவர்தான் போய் ஆராய்ந்தார். ஜலகார் என்ற பரம்பரைத் தங்கம் அலசும் தொழிலாளிகள் ஓடை மணலை அலசும் விதத்தைக் கவனித்தார். கண்டதைக் கண்டபடி 1874-ல் எழுதினார். ஆசை வார்த்தை எதுவும் அதில் இல்லை. பின்னால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த வட்டாரத்திலும் கம்பெனிகள் வந்து சுரங்கம் தோண்டின. சில வருஷங்களில் மூடிவிட்டுப் போயின.

பழைய குழிகள் சொன்ன ரகசியம்

இல்லை என்று மட்டும் சொல்வது சுலபம். எங்கே உண்டு என்று சொல்வதுதான் வித்தை. அதற்கு ஃபுட் கற்பாறைகளை நம்பியதுபோலவே, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களையும் நம்பினார்.

மைசூர், பெல்லாரி, ராய்ச்சூர் சீமைகளில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், அது வறண்ட பூமி. முள்ளும் கருங்கல்லும் வெயிலும்தான். அந்தக் கரடுகளில் ஆங்காங்கே நீண்ட பள்ளங்கள், மண் மூடிய குழிகள், கல் குவியல்கள். பாறைகளின் மேல் உரல் போன்ற வட்டக் குழிவுகள். ஊரார் பேய் வாசம் செய்யும் இடம் என்று ஒதுங்கிப் போவார்கள். உண்மையில் அவை பழங்காலத்துத் தங்கச் சுரங்கங்கள்.

பண்டையத் தொழிலாளிகள் வேலை செய்த முறை ஆச்சரியமானது. அவர்களிடம் வெடிமருந்து கிடையாது. பாறையின் மேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். பாறை நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை ஊற்றுவார்கள். சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து கல் விரிசல் விடும். விரிசலில் உளியை இறக்கிப் பெயர்ப்பார்கள். தங்கம் ஓடும் வெண்கல் நரம்பை மட்டும் பின்தொடர்ந்து, ஆள் நுழையும் அளவுக்கே குடைவார்கள். மேலே கொண்டுவந்த கல்லைப் பாறைக் குழிவில் இட்டுக் குண்டுக்கல்லால் அரைத்து, தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரிப்பார்கள். ராய்ச்சூர் ஜில்லாவில் ஹட்டி என்ற இடத்தில் இப்படியே 640 அடி ஆழம் வரை போயிருக்கிறார்கள்! உள்ளே கிடைத்த மரக்கட்டைகளைப் பிற்கால விஞ்ஞானிகள் சோதித்ததில் அவை சுமார் 2000 வருஷத்துக்கு முந்தியவை என்று தெரிந்தது.

ஏன் விட்டுப் போனார்கள்? பல இடங்களில் தங்கம் தீர்ந்ததாலல்ல, தண்ணீர் ஊறியதால். இறைத்துக் கட்டுப்படியாகாத ஆழம் வந்ததும் சுரங்கத்தை விட்டார்கள். அதாவது, பழைய குழி இருக்கும் இடத்தில் அடியில் இன்னும் இருக்கக்கூடும். பண்டைய மனிதன் வீணாக மலையைக் குடையமாட்டான் அல்லவா?

ஃபுட் மைசூர் ராஜ்யத்தின் தங்க நிலங்களைச் சுற்றிப் பார்த்து 1882-ல் குறிப்பு வெளியிட்டார். 1887-ல் மறுபடியும் விரிவாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அலைந்து கண்டதையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. தென்னாட்டின் கருங்கல் பூமிக்கு நடுவே, வேறுவகையான பழம்பாறைகள் நாடா நாடாக ஓடுகின்றன. தங்கம் முக்கியமாக அந்த நாடாக்களில்தான் இருக்கிறது. அவற்றுக்குத் தார்வார் என்று பெயரிட்டார். இன்றைக்கும் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்கள். கோலார் தங்க வயல் இருப்பதும் அப்படிப்பட்ட ஒரு நாடாவில்தான்.

ஊரை விட்டுப் போனவர்கள்

சுரங்கம் மட்டுமல்ல, ஜனங்கள் விட்டுப்போன ஊர்களும் ஃபுட்டின் கண்ணில் பட்டன. பெல்லாரி அருகே கப்கல் என்ற மலையில் கற்காலத்துக் கோடரித் தொழிற்சாலை ஒன்றையே கண்டார். மலையில் ஓடும் கறுப்புக் கல் நரம்பை உடைத்து, தட்டி, தீட்டி, கோடரியாக்கிய இடம் அது. பாதி செய்த கருவிகளும் உடைந்த சில்லுகளும் நேற்று வேலை நிறுத்தியதுபோல் கிடந்தன.

அந்தப் பக்கத்தில் பெரிய பெரிய சாம்பல் மேடுகளும் உண்டு. அசுரர்களை எரித்த இடம் என்று ஊரில் கதை. எரிமலையோ, யாகமோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாட்டுச் சாணம் மலைபோல் குவிந்து எரிந்த சாம்பல்தான் அது என்ற பக்கமே ஃபுட்டின் கருத்து சாய்ந்தது. கற்காலத்து ஜனங்கள் மாடு கட்டிய பட்டிகள் அவை! சுமார் எழுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு 1963-ல் ஆல்ச்சின் என்ற அறிஞர் இதை நிலைநாட்டினார். காங்கேயம் காளை வளர்க்கும் நம் குடியானவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. பட்டி இருந்த இடம் பல தலைமுறைக்குத் தெரியும் என்பது அவர்கள் அறிந்ததே.

1884-ல் கர்நூல் ஜில்லாவின் பில்லா சர்கம் குகைகளை ஆராயச் சென்றார். அந்தக் குகைகளில் தொடர்ந்து தங்கித் தோண்டியவர் அவருடைய மகன் ஹென்றி. ராணுவத்தில் லெப்டினன்ட் ஆன அந்த வாலிபர், தந்தைக்காக மண்வெட்டி பிடித்தார். மறைந்துபோன மிருகங்களின் எலும்புகள் அங்கே வெளிவந்தன.

ஏற்காட்டில் ஓய்வு

1891-ல் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் ஃபுட். ஓய்வு பெயரளவில்தான். பரோடா மகாராஜாவின் ராஜ்யத்தை ஆராய்ந்தார். 1893-ல் சபர்மதி நதிக்கரையில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். 1894-ல் மைசூரில் புதிதாக ஏற்பட்ட பூகர்ப்ப இலாகாவுக்கு முதல் தலைவரானார். பிறகு ஏற்காட்டு வீட்டில் அமர்ந்து, வாழ்நாள் முழுதும் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிட்டு, கிடைத்த இடத்தோடு எழுதினார். இடம் தெரியாத கல் வெறும் கல். இடம் தெரிந்த கல் சாட்சி. இந்த உண்மையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

1904-ல் சென்னை மியூசியம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கிற்று. இன்றும் எழும்பூரில் அது பத்திரமாக இருக்கிறது. 1912-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் ஃபுட் காலமானார். அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் எழுதிவைத்த பட்டியல் 1914-லும், விளக்கக் குறிப்புகள் 1916-லும் அச்சாகி வந்தன. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இல்லை.

நமக்கு என்ன?

அவர் கண்ட அத்திரம்பாக்கத்தை சாந்தி பப்பு என்ற தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் மீண்டும் தோண்டினார்கள். அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழைமையானவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். 1863-ல் குனிந்து எடுத்த கல்லின் வயது அப்படிப்பட்டது!

கோலார் தங்க வயலோ பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம் போய், 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்து, 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கிருந்து தினம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பாட்டன் வெட்டிய சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஹட்டியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், ஹட்டியை மறுபடி திறந்தார்கள். அது இன்றும் வேலை செய்கிறது.

நம் ஊர்ப்பக்கமும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. காங்கேயத்தை அடுத்த படியூரில் கடல்நிறமான பெரில் கல் வெட்டிய பழைய குழிகள். நொய்யல் கரையில் கொடுமணல். கொடுமணலில் மணி அறுத்த பட்டறைகளும் இரும்பு உலைகளும் 1985 முதல் நடந்த அகழ்வில் வெளிவந்தன. ரோமாபுரிப் பொற்காசு கொங்கு நாட்டுக்கு வந்தது சும்மா அல்ல. ஆனால் தோண்டப்பட்டது கொஞ்சம்தான். மற்றவை உழவிலும், வீட்டு மனையிலும், கல் குவாரியிலும் நாளுக்கு நாள் மறைந்துகொண்டிருக்கின்றன.

பழைய சுரங்கத்துக்குள் யாரும் இறங்க வேண்டாம். மண் சரியும், விஷக்காற்றும் இருக்கும். ஆனால் அதன் கரையில் நின்று பார்க்கலாம். கசடு மேட்டை வழித்துத் தள்ளுமுன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். வித்தியாசமான கல் ஒன்று கிடைத்தால், எந்த இடத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டு தாசில்தாருக்கோ தொல்பொருள் இலாகாவுக்கோ சொல்லலாம். இதற்குப் பூகர்ப்ப சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் பிள்ளையாரின் காலடியில் கற்கோடரியை வைத்த மலைவாசி எந்தச் சாஸ்திரமும் படித்தவரல்ல.

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது, ஏரிக்கரையில் சுற்றிவிட்டு, அந்தப் பழைய சர்ச் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். பிறர் விட்டுப்போன குழிகளில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் அங்கே அமைதியாக இருக்கிறார்.